ஒரு கூரை, இரண்டு கதவு: நாயையும் பறவையையும் சேர்த்து வளர்ப்பது குறித்து

டோம்பிவிலி ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்குப் பக்கம் நடந்தால், பழைய நான்கு மாடிக் கட்டடங்களின் கிரில்களை வைத்தே உள்ளே இருக்கும் குடும்பத்தை ஓரளவு சொல்லிவிடலாம். துளசித் தொட்டி, காயும் துண்டு, கவிழ்த்து வைத்த பக்கெட், அவற்றுக்கு நடுவே ஒரு பறவைக் கூண்டு. சில வீடுகளில் கூண்டுக்கு நேர் கீழே கம்பிகளுக்கிடையில் மூக்கை நுழைத்தபடி ஒரு நாயும் நின்றிருக்கும்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, சொந்த வீடு என்ற ஆசையோடு மத்திய ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே இங்கே வந்தன. கிடைத்தது பெரும்பாலும் ஒன் ரூம் கிச்சன். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு ஒன் பிஎச்கே. அந்த இடத்துக்குள்தான் மாமியாரின் பூஜை அலமாரி, பிள்ளையின் படிப்பு மேசை, பெண்ணுக்குப் பிறந்தநாளில் வாங்கிய பட்ஜிக் கிளி ஜோடி, பையன் அடம்பிடித்துக் கொண்டுவந்த லாப்ரடார் குட்டி எல்லாம் அடங்க வேண்டும்.

இந்த வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: நாயையும் பறவையையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாமா? பதில்கள் இரண்டு. “குட்டியிலேர்ந்து பழக்கினா ஒண்ணும் செய்யாது” என்பது ஒன்று. “நாய் நாய்தான், என்னிக்காவது கவ்விடும்” என்பது இன்னொன்று. இரண்டு பதிலுமே நாயின் குணத்தைப் பற்றியவை. விலங்கு நடத்தை, பறவையின் உடலமைப்பு, தொற்றுநோய், சட்டம், வீட்டின் அமைப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தால், விடை நாயின் குணத்தைவிட வீட்டின் கதவுகளையே அதிகம் சார்ந்திருப்பது தெரிகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

நாய்க்குள் இருக்கும் வேட்டை

வேட்டை என்பது ஒரே செயல் அல்ல, படிப்படியான சங்கிலி. இரையைக் கவனிப்பது, வெறித்துப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்லும் கடி, கிழிப்பது, தின்பது. ஓநாயிடம் இது முழுமையாக இருக்கிறது. மனிதன் நாயினங்களை உருவாக்கியபோது இந்தச் சங்கிலியைத்தான் வெட்டியும் நீட்டியும் விளையாடினான் என்று அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் விளக்கினார். ஆடு மேய்க்கும் பார்டர் காலியிடம் வெறிப்பதும் துரத்துவதும் கூர்மையாகி, கடிப்பது மட்டுப்பட்டது. ரிட்ரீவர்களிடம் கவ்வுவது தங்கி, கொல்லும் கடி மங்கியது. டெரியர்களிடம் கவ்விய எலியை உதறிக் கொல்வது வரை எல்லாமே பலப்பட்டது.

அடுக்குமாடி வீடுகளில் விரும்பி வளர்க்கப்படும் இனங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். லாப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும் சுட்டு விழுத்திய பறவையைச் சிதையாமல் கவ்விக்கொண்டுவர வளர்க்கப்பட்டவை. காக்கர் ஸ்பானியலின் பெயரே ‘உட்காக்’ என்ற பறவையிலிருந்து வந்தது. புதரில் ஒளிந்திருக்கும் அந்தப் பறவையைக் கிளப்பிவிடுவதுதான் அதன் தொழில். சாதுவான நாய்கள் என்று நாம் தேர்ந்தெடுப்பவற்றில் பல, பறவைக்காகவே வளர்க்கப்பட்டவை. நம் ஊர் இனங்களுக்கும் இது பொருந்தும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்திய நாய்கள். அசைவதைக் கண்டால் கால் தானாகக் கிளம்பும். மகாராஷ்டிரத்தின் கேரவன் ஹவுண்டும் அப்படித்தான். பொமரேனியன் என்று நாம் அழைக்கும் இந்தியன் ஸ்பிட்ஸ் வேட்டை நாய் இல்லை. ஆனால் குரைத்தே பறவையை நடுங்க வைத்துவிடும்.

இனம் என்பது ஒரு சாய்வுதான், தீர்ப்பு அல்ல. கிளியை ஏறெடுத்தும் பார்க்காத டெரியர் உண்டு, சிட்டுக்குருவியைப் பிடித்துத் தின்ற பொமரேனியனும் உண்டு. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய்க்கு முன்கதை தெரியாது. குப்பையில் எலி பிடித்துப் பிழைத்ததாக இருந்தால் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் பழுதில்லாமல் இருக்கும். ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும் என்பது நாய்க்கும் சேர்த்துச் சொன்னதுதான். ஒருமுறை பறவையைக் கவ்விய நாயை அதற்குப் பிறகு பழையபடி நம்ப முடியாது.

நாய் பறவையைக் கொல்லப் பசி தேவையில்லை. கூண்டிலிருந்து தப்பிய பட்ஜி தரையில் படபடக்கும்போது அதன் அசைவே நாயை இழுக்கிறது. வயிறு நிறைந்த நாயும் ஓடும். விளையாட்டாகக் கால் வைக்கும். ஒரு பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம், ஓர் எலுமிச்சம்பழம் அளவு. 30 கிலோ லாப்ரடார் அதைப்போல எழுநூறு மடங்குக்கும் மேல். அந்தக் கால் அன்பாக வைக்கப்பட்டதா ஆத்திரமாக வைக்கப்பட்டதா என்பதால் பறவைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

பறவையின் உடல்

பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வெளியே வரும். ஆகவே நாயின் வாய் தோலைக் கிழிக்காமல் அழுத்திப் பிடித்தாலே போதும், பறவை மூச்சுத் திணறிப் போகும். குழந்தை ஆசையாக இறுக்கிப் பிடித்தாலும் இதேதான். ‘மிருதுவான வாய்’ என்று ரிட்ரீவர்களுக்குச் சொல்லப்படும் பெருமை, உயிருள்ள சிறு பறவையிடம் செல்லுபடியாவதில்லை.

நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து, காற்று ஒரே திசையில் ஓடும்படி அமைந்த மூச்சு மண்டலம் பறவைக்கு. பறப்பதற்குத் தேவையான பிராணவாயுவை அது வாரிக்கொள்கிறது. அதே வேகத்தில் காற்றில் கலந்த நஞ்சையும் வாரிக்கொள்கிறது. இது ஏன் முக்கியம் என்பது சமையலறைப் பக்கம் போகும்போது தெரியும்.

பயத்தைக் காட்டும் விதத்திலும் பறவை வேறு. இரையாகும் உயிரினம் நோயையும் பலவீனத்தையும் மறைக்கும்; காட்டினால் முதலில் பிடிபடுவது அதுதான். எனவே நாய் கூண்டருகே படுத்திருக்க, உள்ளே பறவை அசையாமல் இருந்தால், “பாருங்க, எவ்வளவு அமைதி” என்று நாம் நினைக்கிறோம். இறகுகளை உடலோடு ஒட்டிக்கொண்டு ஒல்லியாகி நிமிர்ந்து நிற்பது, அலகைத் திறந்து மூச்சு வாங்குவது, வால் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுவது, காக்கட்டீல் கிளியின் கொண்டை விறைத்து நிற்பது எல்லாம் அச்சத்தின் அடையாளங்கள். நாள்கணக்கில் நீடித்தால் தீனி குறையும், கத்தல் கூடும். சில கிளிகள் தம் இறகைத் தாமே பிடுங்கிக்கொள்ளும். காக்கட்டீல்களுக்கு இரவில் திடீரென்று பீதியடைந்து கூண்டுக்குள் மோதிக்கொள்ளும் பழக்கம் உண்டு. இருட்டில் நாய் எழுந்து நடக்கும் நகச்சத்தமே அதற்குக் காரணமாகிவிடலாம்.

அச்சம் எப்போதும் ஒருபக்கமும் இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற பெரிய பறவையின் அலகு நாயின் மூக்கையோ இமையையோ பதம் பார்த்துவிடும். வலியில் நாய் திருப்பிக் கடித்தால் அது குணக்கேடு அல்ல, அனிச்சை.

நட்பு நடக்குமா?

நடக்கும். சான்றுகள் இருக்கின்றன. அந்தச் சான்றுகள் எந்தச் சூழலில் கிடைத்தவை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

நாய்க்குட்டியின் சமூகப் பழக்கம் உருவாகும் காலம் ஏறத்தாழ 3ஆவது வாரத்தில் தொடங்கி 12, 14ஆவது வாரம்வரை நீள்கிறது என்பதை அமெரிக்காவின் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் நீண்டகால ஆய்வின் முடிவாக 1965இல் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் எந்த உயிரினங்களோடு பழகுகிறதோ அவற்றைக் குட்டி தன் வட்டத்தில் சேர்த்துக்கொள்ளும். இஸ்ரேலில் ஒரே வீட்டில் வாழும் நாய் பூனைகளைப் பற்றி 2008இல் வெளிவந்த ஆய்வும் இதை ஒட்டியே பேசியது: இளம் வயதில் சந்தித்தால், அதிலும் பூனை முதலில் குடியேறிய வீடாக இருந்தால், உறவு நன்றாக அமைகிறது. பறவை வீட்டுக்காரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று. பறவை இருக்கும் வீட்டுக்கு நாய்க்குட்டி வருவது, வளர்ந்த நாய் இருக்கும் வீட்டுக்குப் பறவை வருவதைவிட எளிது.

இந்தக் கொள்கையின் அழகான உதாரணம் ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் நகரை ஒட்டிய மிடில் தீவு. அங்கே கூடு கட்டிய குட்டிப் பென்குவின்களை நரிகள் கொன்று குவிக்க, 2005 வாக்கில் எண்ணிக்கை பத்துக்கும் கீழே போய்விட்டது. தன் கோழிகளை மாரெம்மா நாய்களை வைத்துக் காத்துவந்த ஸ்வாம்பி மார்ஷ் என்ற கோழிப் பண்ணையாளர் அதே யோசனையைச் சொன்னார். 2006 முதல் பயிற்சி பெற்ற மாரெம்மா நாய்கள் தீவில் காவல் இருந்தன; பென்குவின்கள் நூற்றுக்கு மேல் பெருகின. ஆனால் 2017இல், கடல் கொந்தளிப்பால் நாய்கள் தீவுக்குப் போக முடியாமல் இருந்த சமயத்தில் நரிகள் புகுந்து சுமார் 140 பென்குவின்களைக் கொன்றன. நாயால் பறவையைக் காக்க முடியும் என்பது உண்மை. அந்த நாய் நூற்றாண்டுகளாகக் காவலுக்கென்றே வளர்க்கப்பட்ட இனம் என்பதும், ஆளின் மேற்பார்வை இருந்தது என்பதும் அதே அளவு உண்மை. நம் வீட்டு லாப்ரடார் மாரெம்மா அல்ல.

இன்னொன்று, கைப்பேசித் திரை வழியாக உலகம் முழுக்கப் போன கதை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 2020இல் ஒரு குடும்பம் கூட்டிலிருந்து விழுந்த மாக்பை குஞ்சை எடுத்து வளர்த்தது. அவர்களுடைய ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர் பெக்கியும் மோலி என்ற அந்தப் பறவையும் ஒன்றாக உருண்டு விளையாடின. பறவை நாயைப் போலக் குரைக்கக் கற்றது. 2024 மார்ச்சில் அரசு வனவிலங்குத் துறை பறவையை எடுத்துக்கொண்டது. மக்கள் எதிர்ப்புக்குப் பின் ஏப்ரலில் நிபந்தனைகளோடு திருப்பித் தந்தது. நட்பு உண்மையாக இருந்தாலும், காட்டுப் பறவை வீட்டுப் பறவை ஆகிவிடாது என்ற சட்டக் கேள்வி தனியாக நிற்கிறது என்பதை அந்த வழக்கு காட்டியது. நம் ஊர்ப் பச்சைக்கிளிக்கும் அதே கேள்வி உண்டு.

இத்தகைய காணொளிகள் வேறொரு விதத்திலும் ஏமாற்றும். நன்றாகப் போன ஆயிரம் நாள்களின் நல்ல நிமிடங்களை மட்டும் நாம் பார்க்கிறோம். கவ்விய நாளை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை.

கடியைவிடக் கொடியது எச்சில்

“ரத்தம் வரல, சும்மா வாயில பிடிச்சான், உடனே விட்டுட்டான்.” இந்த வார்த்தையை நம்பி உட்கார்ந்தால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பறவை கூண்டின் அடியில் கிடக்கும். நாய், பூனைகளின் வாயில் இயல்பாக வாழும் பாஸ்டுரெல்லா போன்ற நுண்ணுயிரிகள் பறவையின் ரத்தத்தில் கலந்தால் வெகு வேகமாகப் பரவும். பல் பட்ட இடம் இறகுக்குள் ஊசிமுனைத் துளையாக இருக்கும், கண்ணுக்கே தெரியாது.

எனவே நாயின் வாய் பட்ட பறவை, காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். தேவையான நுண்ணுயிர்க்கொல்லியை அவர்தான் அளவோடு தர முடியும். போகும்வரை காற்றோட்டத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் மென்துணி விரித்து, இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் வைத்திருப்பது போதும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக்கூடாது, புரையேறும். நகமோ இறகோ உடைந்து ரத்தம் சொட்டினால் சுத்தமான துணியால் மெல்ல அழுத்தலாம், சோளமாவு தூவலாம். மஞ்சளைப் பூசிவிட்டு வேலை முடிந்தது என்று விடக்கூடாது.

டோம்பிவிலியில் இதை அவசரம் வரும் முன்பே யோசித்துவைக்க வேண்டும். நாய்க்கு மருத்துவர் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். பறவையைப் பார்த்துப் பழகியவர் குறைவு. பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும், 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. ஆனால் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். காலை எட்டரை மணி ஃபாஸ்ட் லோகலில் மனிதர் ஏறுவதே பாடு. கையில் அட்டைப்பெட்டியோடு எப்படி ஏறுவது? பறவை பார்க்கும் மருத்துவர் அருகில் யார், எத்தனை மணிவரை இருப்பார் என்பதைப் பறவை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

கூண்டுக்கும் தட்டுக்கும் நடுவே

பல் படாமலே இரண்டுக்கும் நடுவில் பலவும் கைமாறும். முதலாவது தீனி. பறவைக்கு வைத்த திராட்சை கூண்டிலிருந்து கீழே விழும். நாய் நக்கித் தின்னும். திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியவை. அவகாடோ பறவைக்கு நஞ்சு. சாக்லேட் இரண்டுக்கும் ஆகாது. கூண்டின் அடித்தட்டிலிருக்கும் எச்சத்தை நக்குவது சில நாய்களுக்கு விருப்பமான பொழுதுபோக்கு. சால்மொனெல்லா போன்ற தொற்றுகளுக்கு அது வழி.

இரண்டாவது நோய். மும்பைப் பக்கத்தில் அதற்கு இன்னும் நீளமான ஒரு சங்கிலி உண்டு. பட்ஜி தினையை உமி நீக்கித் தின்னும்போது பாதியை வெளியே இறைக்கும். சிந்திய தினைக்கு இரவில் எலி வரும். மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரா கிருமி தண்ணீரிலும் தரையிலும் பரவும். நாய்க்கு அது தொற்றலாம். நாயிடமிருந்து மனிதருக்கும் வரலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய பிறகு மும்பையில் எலிக்காய்ச்சல் பரவியதை இங்கே யாரும் மறக்கவில்லை. தினை டப்பாவை மூடாமல் வைத்த வீட்டில் பறவையின் உணவு நாயின் நோயாகிவிடுகிறது. அதே எலி இரவில் கூண்டுக் கம்பி வழியே பறவையின் காலைப் பிடித்து இழுக்கவும் செய்யும். ஆகவே தினமும் இரவில் கூண்டின் கீழே பெருக்குவதும், தினையை இறுக மூடிய டப்பாவில் வைப்பதும், நாய்க்குப் போடும் வருடாந்திரத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கான மருந்து சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரைக் கேட்பதும் ஒரே காப்பு ஏற்பாட்டின் பகுதிகள்.

கிளிக் காய்ச்சல் என்ற சிட்டகோசிஸ் பறவையின் எச்சத்தூளை மூச்சில் இழுப்பதால் மனிதருக்கு வருவது. 1929–30இல் பல நாடுகளில் பரவி அச்சுறுத்தியது. நாய்க்கு அரிதாகவே வரும். காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால் “வீட்டில் பறவை இருக்கிறது” என்று சொல்லிவிடுவது மட்டும் அவசியம். பறவைக் காய்ச்சல் விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். 2022 பிப்ரவரியில் நம் தாணே மாவட்டத்திலேயே ஷஹாபூர் தாலுகாவின் வேஹ்லோலி கிராமத்தில் கோழிகளிடையே அது கண்டறியப்பட்டது. கனடாவில் 2023இல் காட்டு நீர்ப்பறவை ஒன்றைக் கடித்த வளர்ப்பு நாய் ஒன்று அந்தக் கிருமியால் இறந்தது. நடைக்குப் போகும்போது செத்துக் கிடக்கும் காகத்தையோ புறாவையோ நாய் மோந்து பார்க்க விடக்கூடாது. விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் கிருமி நின்றுவிடாது, கூண்டுவரை போகும்.

மூன்றாவது, மருந்து. நாயின் உண்ணிக்கும் தெள்ளுக்கும் அடிக்கும் ஸ்பிரேயைப் பறவை இருக்கும் அறையில் அடிக்கவே கூடாது. மருந்துக் குளியல் போட்டால் உடம்பு நன்கு உலரும்வரை நாய் கூண்டுப் பக்கம் வரக்கூடாது.

சமையலறை என்னும் பொறி

நாயிடமிருந்து பறவையைக் காப்பாற்ற நம் வீடுகளில் முதலில் தோன்றும் யோசனை, கூண்டைச் சமையலறைக்கு மாற்றுவது. அதைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை. நான்-ஸ்டிக் தோசைக்கல்லின் பூச்சு அளவுக்கு மீறிச் சூடேறினால் வெளிவரும் புகை மனிதருக்குத் தெரியாத அளவிலேயே பறவையைக் கொன்றுவிடும். அடுத்த தோசைக்குக் கல்லை வெறுமனே காய வைத்துவிட்டுப் போன் பேசப் போகிற நிமிடம்தான் ஆபத்தான நிமிடம். தாளிப்புப் புகை, ஒரே சுவரின் அந்தப் பக்கம் சாம்பிராணி, கொசுவர்த்தி, அறை நறுமண ஸ்பிரே எல்லாம் அதே பட்டியலில் வரும். ஒன் ரூம் கிச்சனில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே கதவே இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே நான்-ஸ்டிக் கல்லை எடுத்துவைத்துவிட்டுப் பாட்டியின் இரும்புக் கல்லுக்குத் திரும்புவதே வழி.

இரண்டாவது யோசனை பால்கனி. அங்கே காகமும் பருந்தும் கூண்டைக் கொத்த வரும். அக்டோபர் வெயிலும் ஜூலைச் சாரலும் படும். தீபாவளிப் பட்டாசு இருக்கிறது. பூனை கிரில் வழியே வரும். பகலில் ஒரு மணி நேரம் வெளிச்சத்துக்கு வைக்கலாம், குடியிருக்க வைக்கக்கூடாது.

மிச்சம் இருப்பது ஹாலும் படுக்கையறையும். கூண்டு நாய் முன்னங்கால் தூக்கி நின்றாலும் எட்டாத உயரத்தில், சுவரில் அறைந்த உறுதியான கொக்கியிலோ கனமான மேசை மேலோ இருக்க வேண்டும். ஒல்லியான சக்கர ஸ்டாண்டு லாப்ரடாரின் வால் அடிக்கே கவிழும். ஒரு பக்கமாவது சுவர் இருந்தால் பறவைக்குப் பதுங்கத் தெம்பு கிடைக்கும். பட்ஜிக்குக் கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. கிளிகள் அலகால் தாழைத் திறக்கக் கற்றுக்கொள்ளும். கொக்கியோடு ஒரு சிறு பூட்டும் வேண்டும்.

அறிமுகம்: வாரக்கணக்கில்

அவசரப்படாமல் செய்ய வேண்டியது இது. முதல் சில நாள்கள் வாசனை மட்டும்: கூண்டின் துணியை நாய் மோந்து பார்க்கட்டும். பிறகு வாரோடு, அறையின் மறுகோடியிலிருந்து பார்வை. பறவையைப் பார்த்த நாய் உங்களைத் திரும்பிப் பார்த்தால் உடனே தீனி. விறைத்து நின்று கண்ணிமைக்காமல் வெறித்தாலோ, முனகினாலோ, உடம்பைத் தாழ்த்தினாலோ சங்கிலியின் முதல் கண்ணி ஏற்கெனவே இழுபடுகிறது என்று பொருள், தூரத்தைக் கூட்டுங்கள். “விடு” என்ற சொல்லைப் பறவைக்கு முன்பாகப் பந்திலும் பிஸ்கட்டிலும் பழக்கியிருக்க வேண்டும். திட்டுவதும் அடிப்பதும் எதிர்விளைவைத்தான் தரும். பறவையைக் கண்டால் அடி விழும் என்று கற்ற நாய் பறவையை வெறுக்கக் கற்கும்.

நாய் பறவையைச் சலிப்பாகப் பார்க்கும் நாள் வந்தால் அறிமுகம் வெற்றி. எதிர்பார்க்க வேண்டியது நட்பை அல்ல, சலிப்பை. அதன் பிறகும் ஒரு விதி மாறாது: கூண்டுக்கு வெளியே பறவை இருக்கும் நேரத்தில், நாய் மூடிய கதவின் அந்தப் பக்கம். பறவை பறக்கும் நேரத்தில் மின்விசிறி நிற்க வேண்டும், ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், பிள்ளைகள் கதவைத் திறக்கக்கூடாது. வீட்டுவேலைக்கு வருபவரிடமும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். பல விபத்துகள் தெரியாத ஒருவர் கதவைத் திறக்கும் நொடியில்தான் நடக்கின்றன.

நாயின் பங்கையும் குறைக்கக்கூடாது. காலையும் மாலையும் நன்றாக நடக்காத நாய் மிச்சமிருக்கும் தெம்பைக் கூண்டின் மேல்தான் காட்டும். புதுப் பறவை வந்த வாரத்தில் எல்லோரும் கூண்டைச் சுற்றியே நின்றால் நாய்க்கும் மனசு நோகும்.

சட்டம் எங்கே நிற்கிறது

தமிழ்க் குடும்பங்களுக்குக் கிளி என்றாலே பச்சைக்கிளிதான். மீனாட்சி கையிலும் ஆண்டாள் கையிலும் இருப்பது. ஆனால் வீட்டில் வளர்க்க அதற்கு அனுமதி இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளி, மைனா, முனியா எல்லாவற்றையும் காக்கிறது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த அட்டவணைகளில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கிராஃபர்ட் மார்க்கெட்டில் யாராவது மறைவாக விற்றாலும், வாங்குபவர் குற்றத்தில் பங்காளியே.

வெளிநாட்டுப் பறவைகளின் கதை வேறு. தமிழில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆஸ்திரேலிய பட்ஜிதான். ஜான் கூல்ட் 1840இல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பறவை. அதுவும் காக்கட்டீலும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லை. உண்மையான லவ் பேர்டுகள் ஆப்பிரிக்கக் குட்டிக் கிளிகள். அவற்றில் பீச் முகக் கிளி தவிர ஃபிஷர் போன்றவை பட்டியலில் உண்டு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும் மக்காவும்கூட. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி இப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும்.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் வேர் நம் ஊரில் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி திறந்தது. நியாயமான அளவு அசைய இடமில்லாத கூண்டில் உயிரை அடைப்பது அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம். நாய்க்குப் பயந்து பறவையைச் சோப்புப் பெட்டி அளவு கூண்டில் வாழ்நாள் முழுக்க வைப்பதும் அதில் வரும். மறுபக்கம், சொசைட்டி மீட்டிங்கில் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பதையே தடுக்க முடியாது என்பதை இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக்குகிறது. ஆனால் கிளி கத்த நாய் குரைக்க, நாய் குரைக்கக் கிளி கத்த என்று நடுராத்திரி நடந்தால், மேல்வீட்டுக்காரரின் பொறுமைக்குச் சட்டம் பொறுப்பல்ல.

முடிவு

கேள்விக்கு விடை சொல்லும் இடம் இது. நாயையும் பறவையையும் ஒரே வீட்டில் வளர்க்கலாம். ஆனால் ஒரே அறையில், கதவில்லாமல், நட்பை மட்டும் நம்பி வளர்க்க முடியாது. நாயின் ஒரு நொடித் தவறுக்கு நாய் ஒன்றையும் இழப்பதில்லை; பறவை உயிரை இழக்கிறது. இத்தனை சமனற்ற உறவில் பொறுப்பு முழுவதும் தாழ்ப்பாள் போடும் கையின் மேல்தான் விழுகிறது.

எனவே வாங்கும் முன் பறவையின் நிறத்தையோ நாயின் இனத்தையோ பார்ப்பதற்கு முன்னால் வீட்டின் கதவுகளை எண்ணுங்கள். நாய்க்கும் பறவைக்கும் நடுவே எப்போதும் சாத்தக்கூடிய ஒரு கதவு, அதற்குப் பின்னால் கூண்டின் பூட்டிய இரண்டாவது கதவு. இந்த இரண்டும், நாளில் அரை மணி நேரமாவது மேற்பார்வை பார்க்க ஒரு ஆளும் இருந்தால் ஒன் பிஎச்கேயில்கூட இரண்டையும் நன்றாக வளர்க்கலாம். ஒன் ரூம் கிச்சனில், கதவு குளியலறைக்கு மட்டும்தான் என்றால், காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்பும் வீடு என்றால், இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள். ஏற்கெனவே நாய் இருந்தால் நாயே போதும்.

நாயோடு மாலை நடைக்குப் போகும்போது தெரு மரத்தில் வந்து இறங்கும் பச்சைக்கிளிக் கூட்டத்தைக் கேளுங்கள். அதற்குக் கூண்டும் வேண்டாம், தினையும் வேண்டாம், கதவும் வேண்டாம்.